சர்ச் வாரண்ட் மனு திரும்பி வந்துவிட்டது: என்ன எழுதினால் நடுவர் (மாஜிஸ்திரேட்) ஏற்பார்?

முதல்_ஸ்டேஷன்

வணக்கம். எஸ்.ஐ. ஆகி இதுதான் எனக்கு முதல் ஸ்டேஷன். எங்கள் எல்லையில் தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போகிறார்கள். விவசாயிகள் புகார் கொடுத்து பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 303(2)-இல் திருட்டு வழக்குப் பதிவாகியிருக்கிறது. மெயின் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடை, பின்னால் எப்போதும் பூட்டியே கிடக்கும் குடோன். ஒயர் அங்கேதான் போகிறது என்று தகவல்.

கடைக்காரர் செல்வாக்கான ஆள் என்பதால் கோர்ட் வாரண்டோடு போகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். "நம்பத்தகுந்த ரகசியத் தகவலின் பேரில், மேற்படி கடையிலும் அதைச் சார்ந்த இடங்களிலும் திருட்டுச் சொத்துக்கள் இருப்பதாகத் தெரியவருவதால்" என்று, ஸ்டேஷனில் இருந்த பழைய மாதிரியைப் பார்த்து மனு எழுதினேன். "நம்புவதற்கான காரணம் காட்டப்படவில்லை" என்று திருப்பிவிட்டார்கள். தகவல் சொன்னவர் பெயரை வெளியில் சொல்ல முடியாது. வேறு என்னதான் எழுதுவது?

காக்கி_ஓய்வு

தம்பி, வழக்குப் பதிவாகி புலன்விசாரணை நடக்கிறது அல்லவா? வாரண்ட் வாங்கித் தாமதித்தால் சரக்கு போய்விடும் என்ற நிலை இருந்தால் அது இல்லாமலேயே சோதனை போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (சி.ஆர்.பி.சி.) 165-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 185. கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தால் குடோன் காலியாகிவிடும்.

பெஞ்சு_கிளார்க்

நடுவர் நீதிமன்றங்களில் வேலை பார்த்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி மனுக்கள் என் கை வழியாகத்தான் நடுவர் மேசைக்குப் போகும்.

காக்கி ஐயா சொல்வது சரிதான். ஆனால் 185-இல் போனாலும் இதே கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். பொருள் அங்கே இருக்கிறது என்று நம்பக் காரணம் என்ன, தேடப்போவது என்ன என்பதைக் கேஸ் டைரியில் எழுதிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரர் மனு போட்டால் அவருக்கும் இலவசமாக நகல் உண்டு. ஆக, எந்த வழியில் போனாலும் காரணத்தை எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

திருட்டுச் சொத்துக்கான வாரண்ட் அதே பி.என்.எஸ்.எஸ். 97-இன் கீழ் வருகிறது. ஓர் இடம் திருட்டுச் சொத்தை வைக்கவோ விற்கவோ பயன்படுகிறது என்று நம்ப, தகவலைப் பார்த்து, வேண்டிய விசாரணையும் செய்த பிறகு, நடுவருக்கே காரணம் இருக்க வேண்டும். "நம்பத்தகுந்த தகவல்" என்பது நீங்கள் வந்து சேர்ந்த முடிவு. அந்த முடிவுக்கு உங்களைக் கொண்டுவந்தது எதுவோ அதை அவர் முன்னால் வையுங்கள்.

முதலில் தகவல் சொன்னவரை மறுபடி பாருங்கள். குடோனுக்குள் ஒயரை அவரே கண்ணால் பார்த்தாரா, டீக்கடையில் யாரோ பேசியதைக் கேட்டாரா? என்றைக்குப் பார்த்தார்? இதற்கு முன் அவர் சொன்ன தகவலில் பொருள் கிடைத்திருக்கிறதா? பெயர் வேண்டாம். குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது (பழைய 125, புதிய சட்டத்தில் 131). ஆனால் அவருக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதலாம். ஆளை அடையாளம் காட்டிவிடும் விவரம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அவர் சொன்னதை நீங்களே சரிபார்த்தது என்ன? மோட்டார் ஒயரை அப்படியே யாரும் உருக்க அனுப்புவதில்லை. மேல் உறையை எரித்துச் செம்பை எடுப்பார்கள். எரித்த இடத்தில் தரை கறுத்து, சாம்பலில் செம்புத் துணுக்கு மினுங்கும். கரும்புகையும் நாற்றமும் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் போகாது. ரோட்டில் நின்று பார்த்தாலே தெரிகிற விஷயங்கள் இவை. பார்த்த தேதியோடு எழுதினால் மனுவுக்கு உயிர் வரும்.

காலமும் முக்கியம். செம்பு ஒரு வாரம் ஓரிடத்தில் தங்குவதே அதிகம். போன மாதம் பார்த்த சரக்கு இன்றும் அங்கே இருக்கும் என்பதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

"அதைச் சார்ந்த இடங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். கடையா, குடோனா, மாடியில் இருக்கும் வீடா? நான்கு எல்லையையும் எழுதுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்படி மொட்டையாக எழுதிய ஒரு வாரண்டை வைத்துக்கொண்டு, நாங்கள் பார்த்த வழக்கு ஒன்றில், பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த பாட்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். ரேஷன் அரிசி டின்னைத் தரையில் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். அந்த அம்மா மண்ணோடு கலந்த அரிசியைத் துணியில் முடிந்து கோர்ட்டுக்கே கொண்டுவந்தார். அங்கே எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? வாரண்ட் என்பது இன்னொருவர் வீட்டுக் கதவைத் திறக்கிற காகிதம். நடுவர் திருப்பி அனுப்பினாரே என்று வருத்தப்படாதீர்கள், அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

எதிர்_வழக்கு

நான் குற்றவியல் வழக்கறிஞர், பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. காரணம் எழுதாமல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். ராஜஸ்தான் அரசு எதிர் ரஹ்மான் வழக்கில் (1960), காரணத்தைப் பதிவு செய்யாமல் சோதனைக்குப் போன கலால் அதிகாரியைத் தடுத்தவர் மேல் வழக்குப் போட்டார்கள். சோதனையே சட்டவிரோதம், ஆகவே தடுத்தது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம் பூரண்மல் வழக்கில் (1974), சோதனையில் குறை இருந்தாலும் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லும் என்றார்கள். இந்த இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு அசட்டையாக இருக்கும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். பொருள் சாட்சியமாக ஏற்கப்பட்டுவிடும், சரி. குறுக்கு விசாரணையில் உங்கள் வார்த்தையை யார் நம்புவது?

முதல்_ஸ்டேஷன்

மிக்க நன்றி ஐயா. சனிக்கிழமை இரவு அந்தப் பக்கம் ரோந்து போனபோது குடோன் பின்சுவரை ஒட்டிப் புகை வந்ததை நானே பார்த்தேன், ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடான ஜெனரல் டைரியில் பதிவும் இருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் புகை பற்றி ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த மனுவும் கிடைத்திருக்கிறது. ஒரு விவசாயி, தன் ஒயரில் ஜாயிண்ட் போட்ட இடத்தில் நீல டேப்புக்கு மேல் சிவப்பு டேப் சுற்றியிருப்பதாகச் சொல்கிறார். இதையெல்லாம் எழுதலாமா?

பெஞ்சு_கிளார்க்

இதைத்தான் எழுத வேண்டும். ரோந்துப் பதிவின் நகல், ஊராட்சி மனுவின் நகல், அந்த விவசாயியின் வாக்குமூலம் மூன்றையும் இணையுங்கள். டேப் நிறத்தைத் தேடும் பொருளின் விவரத்தில் போடுங்கள். கடையின் கொள்முதல் நோட்டும் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள், அது 96-இல் வரும்.

வாரண்ட் கிடைத்ததும் அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு சம்பந்தமில்லாத இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். எல்லா வழக்கிலும் கையெழுத்துப் போடும் அதே ஆட்கள் வேண்டாம். குடோனைத் திறப்பதிலிருந்து மகஜரில் (சோதனை விவரம் எழுதும் ஆவணம்) கையெழுத்து வாங்குவது வரை 105-இன்படி மொபைலில் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் நடுவருக்கு அனுப்பிவிடுங்கள். எடுத்த பொருள்களின் பட்டியல் நகலைக் கடைக்காரரிடம் கொடுக்க மறக்காதீர்கள்.