சிறிய விமான நிலையத்துக்கு முதலில் தேவை நீளமான ஓடுபாதையா, நாளாந்தப் பராமரிப்பா?

கேள்வி: படுவான்கரை வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வவுணதீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் வசிக்கிறேன். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், திமிலைதீவிலுள்ள விமான நிலையத்தைப் பற்றிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 1958இல் திறக்கப்பட்டு, 1983இல் விமானப்படையின் கைக்குப் போய், 2018 மார்ச்சில் உள்நாட்டு விமான நிலையமாக மீண்டும் திறந்துவைக்கப்பட்ட இடம் அது.

சங்கக் கூட்டத்தில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து ஏடிஆர் என்ற நடுத்தரப் பயணிகள் விமானம் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வந்ததைப்போல எங்களுக்கும் வர வேண்டும், அதற்கு ஓடுபாதையை நீட்டும்படி கேட்க வேண்டும் என்பது இளைஞர்களின் கருத்து. நீட்டுவதென்றால் வயலோ, வாவியோ, கண்டல் காடோ தான் போகும் என்று மூத்தவர்கள் அஞ்சுகிறார்கள். இப்போது இருப்பதை ஒழுங்காகப் பேணி நடத்துவதற்கே என்ன செலவாகும், யார் செய்கிறார்கள், எங்கள் ஊர்க்காரருக்கு அதில் என்ன பங்கு என்பது இரு தரப்பிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால், அறியாமல் எதையாவது கேட்டுவிடாமல் கடிதத்தைப் பொறுப்போடு எழுத முடியும்.

பதில்: மதகடி (ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்)

தம்பி, நல்ல கேள்வி. பணிக்காலத்தின் ஒரு பகுதியைச் சிறிய விமானத் தளங்களின் ஓடுபாதைகளில் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நீளம். ஓடுபாதையை 200 மீட்டர் நீட்டுவதற்கு 200 மீட்டர் நிலம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏடிஆர் போன்ற விமானங்கள் இறங்கும் பாதையாயின், பாதை முடிந்த இடத்துக்கு அப்பால் 60 மீட்டருக்குத் தடையற்ற சமதரை வேண்டும். அதற்கும் அப்பால், விமானம் தவறி ஓடினாலும் உடையாமல் நிற்பதற்கு, குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு வேண்டும். இடமிருந்தால் அதை 240 மீட்டராக வைக்கும்படி சர்வதேச விதிகள் பரிந்துரைக்கின்றன. இது இரு முனைகளுக்கும் பொருந்தும். அதற்குமேல், விமானம் இறங்கும் வழியில் தென்னை, பனை, தொலைபேசிக் கோபுரம் ஆகியவை எவ்வளவு உயரலாம் என்ற வரையறை கிராமத்துக்கு உள்ளேயும் வரும். உங்கள் மூத்தவர்களின் அச்சம் வெறும் பிடிவாதம் அல்ல.

விமானம் பெரிதானால் தீயணைப்பும் பெரிதாகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தீயணைப்பு வகுப்பு விமானத்தின் நீளத்தையும் உடலின் அகலத்தையும் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. ஏறத்தாழ 12.7 மீட்டர் நீளமுள்ள செஸ்னா கிராண்ட் கரவன் என்ற சிறிய விமானம் மூன்றாம் வகுப்பு. 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் 72 ஐந்தாம் வகுப்பு. வழக்கமாகப் பயன்படும் நுரை வகைக்கு, முன்னதற்குத் தீயணைப்பு வண்டியில் 1,200 லீட்டர் தண்ணீர் போதும், பின்னதற்கு 5,400 லீட்டர் வேண்டும். அந்த வண்டி ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வாரத்துக்கு ஒரு விமானம் வந்தாலும், அந்த நேரத்தில் வண்டியும் பயிற்சி பெற்ற ஆட்களும் அங்கே தயாராக நிற்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகும் ஆண்டுதோறும் தொடரும் செலவு இதுதான்.

இனிப் பராமரிப்பு. நம் ஊரின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்துவிடுகிறது. ஓடுபாதையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றாலே அது தேங்கிய நீராகக் கணக்கிடப்படும். சக்கரம் தார்ப்பரப்பைத் தொடாமல் தண்ணீரின் மேல் வழுக்கிவிடும் ஆபத்து உண்டு. தண்ணீர் வழிந்தோடுவதற்காகவே பாதையை நடுவில் சற்று உயர்த்தி அமைக்கிறோம். ஆனால் ஓரத்துப் புல் மழையில் கரைந்து வரும் மண்ணைப் பிடித்துப் பிடித்து, சில ஆண்டுகளில் தார் விளிம்பைவிட இரண்டங்குலம் உயர்ந்துவிடும். வயலில் நாம் தண்ணீரை மறிக்கக் கட்டுகிற வரம்பைப்போல, யாரும் கட்டாமலே ஒரு வரம்பு அங்கே உருவாகிவிடுகிறது. தார் நல்லது, சரிவும் நல்லது, ஆனால் தண்ணீர் போக வழியில்லை. நான் பணியாற்றிய ஒரு தளத்தில், பாதையை மீண்டும் கார்ப்பட் செய்ய வேண்டும் என்று பெரிய மதிப்பீடொன்று தயாராகிக்கொண்டிருந்தபோது, மண்வெட்டியோடு எட்டுப் பேர் இரண்டு வாரம் அந்த ஓரத்தைச் செதுக்கி, வடிகானையும் துப்புரவாக்கினார்கள். அடுத்த மாரியில் பாதையில் தண்ணீர் நிற்கவில்லை.

காலையில் முதல் விமானத்துக்கு முன் பாதை முழுவதையும் ஒரு வண்டியில் மெதுவாகப் போய்ப் பார்க்க வேண்டும். சிறு கல், கழன்ற ஆணி, காற்றில் வந்த பொலித்தீன், நாய், மாடு எதுவும் இருக்கலாம். ஒருமுறை சரளைக்கல் என்று நினைத்து எடுக்கக் குனிந்தேன்; பார்த்தால் ஆட்காட்டிக் குருவியின் முட்டைகள் நான்கு, கல்லின் நிறமும் புள்ளியும் அப்படியே. தாய்க் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. புல்லின் உயரம், குப்பை, தேங்கிய நீர் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டால் பறவைத் தொல்லையில் பெரும்பகுதி குறையும். ஆகவே அயலில் குப்பைமேடு வராமல் பார்ப்பது பிரதேச சபையின் கையிலுள்ள விமானப் பாதுகாப்பு வேலை என்பதை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 06/24 என்ற (இரு முனைகளின் திசையைக் குறிக்கும் எண்கள் அவை) அந்தத் திமிலைதீவுப் பாதையின் திசையை வகுத்தவர்கள் காற்றை நன்றாக அறிந்திருந்தார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மேற்கு முகமாகவும், வாடை என்ற வடகிழக்குக் காற்றில் கிழக்கு முகமாகவும், விமானம் பெரும்பாலும் எதிர்காற்றில் இறங்கலாம்.

பதில்: தண்டர் பே தமிழன்

நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவன். இப்போது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில் பொருட்கள் அனுப்பும் வேலையில் இருக்கிறேன். வடக்கே முதற்குடி மக்கள் வாழும் ஊர்களில் பலவற்றுக்கு ஆண்டு முழுவதும் வீதி கிடையாது. குளிர்காலத்தில் சில வாரங்கள் பனிக்கட்டியின் மேல் பாதை போடுவார்கள். மற்றக் காலத்தில் உணவு, மருந்து, ஆசிரியர், நோயாளி எல்லாம் விமானத்தில்தான். அந்தத் தொலைதூர நிலையங்கள் 29ஐ மாகாண அரசே நடத்துகிறது. அவற்றின் ஓடுபாதைகள் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டரை ஒட்டிய நீளமுள்ள சரளைப் பாதைகள். பிற்போக்கினால் அப்படி விடப்படவில்லை: உறைந்து உருகும் நிலத்தில் தார் வெடித்துவிடும், திருத்துவதற்குத் தார் ஆலையும் அருகில் இல்லை, சரளையென்றால் ஒரு கிரேடரைக் கொண்டு உள்ளூர் ஆளே சமப்படுத்திவிடலாம்.

இரவில் ஆளில்லாத நிலையங்களில் விமானி தன் வானொலியின் பொத்தானை ஐந்து செக்கனுக்குள் ஏழு முறை அழுத்தினால் பாதை விளக்குகள் எரியும், பதினைந்து நிமிடம் நிற்கும். ஆனால் பனியை அகற்றுவதும், பாதையின் நிலையை அறிவிப்பதும், எரிந்துபோன விளக்கை மாற்றுவதும் அந்த ஊரிலேயே பிறந்து பயிற்சி பெற்றவர்கள்தான். வெளியூரிலிருந்து வருபவர் ஓராண்டில் மாற்றம் கேட்டுப் போய்விடுவார். ஊர்க்காரர் இருபது ஆண்டு இருப்பார்.

அமெரிக்காவின் நவஹோ என்ற முதற்குடி மக்கள் விண்டோ ரொக், சின்லி, ரியூபா சிற்றி உள்ளிட்ட தமது நிலையங்களைத் தாமே வைத்திருக்கிறார்கள். அங்கே இத்தகைய சிறிய நிலையங்களில் ஓடுபாதை அமைப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் மத்திய அரசு பொதுவாக 90 சதவீதமோ அதற்கு மேலோ தருகிறது. ஆனால் புல் வெட்டுவதற்கும், மின்கட்டணத்துக்கும், சம்பளத்துக்கும் அந்த நிதியைத் தொட முடியாது. கட்டப் பணம் கிடைக்கும், நடத்தப் பணம் கிடைக்காது என்ற இக்கட்டு உலகெங்கும் உண்டு. ஆகவே எந்தத் திட்டத்தைக் கேட்டாலும், பத்தாண்டுச் செலவை யார் ஏற்பார் என்ற வரியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில்: கல்முனைத் தாதி

நோயாளிகள் சார்பில் சில வார்த்தைகள். விமான நிலையம் இருந்தால் கடும் நோயாளியை உடனே கொழும்புக்கு அனுப்பிவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. எட்டுப் பேர் அமரும் விமானத்தில் படுக்கையை வைக்க ஆசனங்களைக் கழற்ற வேண்டும். ஒட்சிசன், கருவிகள், உடன்செல்லும் வைத்தியர் எல்லாம் ஒழுங்காக வேண்டும். நோயாளர் விடுதியிலிருந்து அம்புலன்ஸ், அம்புலன்ஸிலிருந்து விமானம், மறுமுனையில் மீண்டும் அம்புலன்ஸ் என்று நோயாளியைப் பலமுறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு குழாய் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் என்பதால் சொல்கிறேன். ஆகவே சாதாரண நாட்களில் எங்கள் வைத்தியசாலைகளின் தீவிர சிகிச்சைக் கட்டில்களைக் கூட்டுவதே அதிக உயிர்களைக் காக்கும்.

ஆனால் 2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மன்னம்பிட்டிப் பக்கம் வீதியும் ரயில் பாதையும் தடைப்பட்டால் மட்டக்களப்பு பாதி தீவாகிவிடுகிறது. அப்படியான வாரத்தில் மருந்தும் இரத்தமும் வந்திறங்க ஓர் ஓடுபாதை வேண்டும். அதற்குச் சிறிய விமானமே போதும். அம்பாறை மாவட்டத்துக்கு உகணையில் ஒரு தளம் இருந்தாலும், கரையோரத்து மக்களாகிய நாங்கள் அம்பாறை நகரைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். வெள்ளத்தில் அந்த வழியும் மூடப்படலாம். எனவே மாரி மழைக்கு முன் உங்கள் ஓடுபாதையின் வடிகானும் மின்பிறப்பாக்கியும் சரிபார்க்கப்படுகின்றனவா என்பதே என் முதற் கேள்வியாக இருக்கும்.

பதில்: கோட்டமுனை

நான் சற்று மாறுபடுகிறேன். பயணி வராவிட்டால் பராமரிப்புக்கும் பணம் வராது. சிறு நகரங்களுக்கு விமான சேவை நடத்த உதவும் இந்தியாவின் உடான் திட்டத்தில் பாதி ஆசனங்களுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்து, நட்டத்தை அரசு மூன்று ஆண்டுகளுக்கு ஈடுசெய்கிறது. அப்படி ஏதாவது கேட்காமல் புல்லையும் வடிகானையும் மட்டும் பேசினால் இளைஞர்கள் சோர்ந்துவிடுவார்கள்.

பதில்: மதகடி

உங்கள் கருத்தில் நியாயம் இருக்கிறது. கட்டண உதவியைக் கேட்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் சேலத்தையும் பாருங்கள். அதே திட்டத்தில் 2018இல் சேவை தொடங்கியது, 2021இல் நின்றது, 2023 ஒக்டோபரில்தான் மீண்டும் வந்தது. இடையில் நிலையத்தைப் பேணி வைத்திருந்தபடியால்தான் மறுபடி விமானம் இறங்க முடிந்தது. ஒழுங்காகப் பேணிய பாதையில் நாளைக்கே சேவை தொடங்கலாம். வெடிப்பில் புல் முளைத்த பாதையை எந்த விமானக் கம்பனியும் எட்டிப் பார்க்காது.

கேள்வி கேட்டவர்: படுவான்கரை வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஓடுபாதையை நீட்டும் கோரிக்கையைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். மாரிக்கு முன் வடிகானும் ஓரமும் செதுக்கப்பட வேண்டும், அந்த வேலைக்கும் காலைப் பார்வைக்கும் அயல் கிராம இளைஞர்களைப் பயிற்றி நிரந்தரமாக எடுக்க வேண்டும், அயலில் குப்பை கொட்டுவதைச் சபை தடுக்க வேண்டும், ஆசனக் கட்டணத்துக்கு உதவி கேட்டு மாகாண மட்டத்தில் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இளைஞர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பயிற்சியும் வேலையும் என்ற பகுதியை வாசித்ததும் இருவர் தமது பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வேலிக்குள் மாடு புகுவதைப் பற்றி மட்டும் இன்னும் எழுதவில்லை. மாட்டில் சுட்ட குறியைப் பார்த்து உரிமையாளரைக் கண்டுபிடித்துத் தண்டம் விதிக்கலாம் என்கிறார் தலைவர். மாட்டுப் பட்டிக்காரர்களைக் கேளாமல் அதை எழுத எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இருவரை அழைத்திருக்கிறேன். மாரியில் மற்ற இடமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது எந்த மேய்ச்சல் தரவையில் மாடுகளை விடலாம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டபின் அந்தப் பந்தியை எழுதி இங்கே பதிவிடுகிறேன்.