கீபோர்டு வால்யூம் முழுசா, முக்காலா?

மெல்லிசை:
நேற்று இந்த மன்றத்தின் வேறொரு திரியில் புதியவர் ஒருவருக்குக் கட்டைவிரல் என்பவர் சொன்ன அறிவுரை இது: "கீபோர்டை இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் பெட்டி) செருகினால் கீபோர்டு வால்யூம் எப்போதும் முழுசாக இருக்க வேண்டும். குறைத்தால் இரைச்சல்தான் பதிவாகும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நானும் 2 மாதம் அப்படித்தான் முழுசாகத் திருகி வைத்துப் பதிந்தேன். பியானோவில் ஓங்கி அடித்த இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேடுகள் எல்லாம் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தன. முக்காலுக்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. தெரியாதவர்களிடம் போய் "எப்போதும்" என்று சொல்லாதீர்கள்.

கட்டைவிரல்:
இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றி வைத்திருப்பீர்கள், உடைந்திருக்கும். அதைக் குறையுங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். 15 வருடமாக வீட்டில் பதிகிறேன், என்றைக்கும் முழுசுதான். கீபோர்டில் குறைத்துவிட்டு இங்கே கெயினை ஏற்றினால், நடுவில் சேர்ந்த இரைச்சலும் கூடவே ஏறும். ஒரு கார்டை (சில கட்டைகளைச் சேர்த்து) அழுத்தி, ஒலி தேய்ந்து அடங்கும் வரை விரலை எடுக்காமல் பதிந்து பாருங்கள். கடைசி 3 விநாடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒன்று கேட்கும். அதுதான் உங்கள் முக்கால்.

மெல்லிசை:
கெயின் குமிழ் அடிமட்டத்தில்தான் இருந்தது. சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. மீட்டரில் உச்சம் மைனஸ் 9 டெசிபெல், எல்லையான பூஜ்யத்தைத் தொடவே இல்லை. அப்படியும் உடைந்தது என்றால் எங்கே உடைந்திருக்கும்? கீபோர்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில். அங்கேயே கெட்டு வந்த ஒலியை இங்கே கெயினைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. சின்னதாக உடைந்திருக்கும், அவ்வளவுதான்.

கட்டைவிரல்:
தம்பி, கெயின் அடிமட்டத்தில் இருந்தது என்று எல்லோரும்தான் சொல்வார்கள். முழுசாக வைத்து இன்னொரு முறை பதிந்து பாருங்கள்.

புதியவன்:
அந்தத் திரியில் கேட்டது நான்தான். நீங்கள் இருவரும் ஒரே ஜாக்கைப் பற்றித்தான் பேசுகிறீர்களா? என் கீபோர்டில் லைன் அவுட் (வெளிக் கருவிகளுக்கு ஒலி அனுப்பும் ஜாக்) கிடையாது, ஹெட்ஃபோன் ஜாக் மட்டும்தான்.

கட்டைவிரல்:
ஜாக் எதுவாக இருந்தால் என்ன? முழுசு.

சுருதிப்பெட்டி:
16 பிட் காலத்துப் பழக்கத்தை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதில் மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் நடுவே 96 டெசிபெல்தான் இடம், அதனால் மீட்டரை உச்சிவரை நிரப்பினோம். 24 பிட்டில் கணக்குப்படி 144 டெசிபெல். உச்சம் மைனஸ் 12-இல் நின்றால் தாராளம். எதற்கு முழுசு? போன வருடம் லேட்டன்சி (கட்டையை அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் உள்ள தாமதம்) பற்றி நான் சொன்னபோதும் இவர் இப்படித்தான் குறுக்கே விழுந்தார். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித்துண்டு) 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட் கூட ஆகாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்றுவரை பதில் இல்லை.

கட்டைவிரல்:
24 பிட்டில் பதிந்தால் இரைச்சலும் 24 பிட்டில் பதிவாகும். கீபோர்டிலிருந்து வரும்போதே 'ஸ்ஸ்ஸ்' இருந்தால் உங்கள் 144 அதை என்ன செய்யும்? பஃபர் கதையை இங்கே இழுக்காதீர்கள். மிடி மட்டும் பதிந்தால் போதும், ஆடியோ வேண்டாம் என்றவர்தானே நீங்கள்? மிடியில் எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டோம் என்ற குறிப்புத்தான் போகும். என் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் ஒலி அதில் எங்கே இருக்கிறது?

சுருதிப்பெட்டி:
"போதும்" என்று நான் எழுதவே இல்லை. ஆடியோவோடு மிடியையும் சேர்த்துப் பதியுங்கள், ஒரு கட்டை தவறிப்போனால் அதை மட்டும் திருத்தி அதே கீபோர்டில் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம் என்றேன். பழைய பதிவைப் போய்ப் படியுங்கள். படிக்காமலே பதில் எழுதுவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

மெல்லிசை:
அப்புறம், என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்கும் தெரியாது.

புதியவன்:
மன்னிக்கவும், இன்னொன்று. ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஒரு ஸ்டீரியோ கேபிளை நேராக இன்டர்ஃபேஸின் முதல் இன்புட்டில் செருகியிருக்கிறேன். பியானோ எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் கேட்கிறது. அடி ஒலி போய்விட்டது, எதிரொலிபோன்ற ரிவெர்ப் மட்டும் மிதக்கிறது. இதற்கும் வால்யூம்தான் காரணமா?

பக்கவாத்தியம்:
காரணம் கேபிள். அந்த இன்புட் பேலன்ஸ்டு. இரண்டு கம்பியில் வருவதையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றில் இடது, மற்றதில் வலது அனுப்புகிறீர்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி கழிபட்டுப் போய், வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு முனையில் ஸ்டீரியோ பிளக், மறுமுனையில் இரண்டு மோனோ பிளக் இருக்கும் ஒய் கேபிள் வாங்கி, 1, 2 என இரண்டு இன்புட்டிலும் செருகுங்கள். இன்புட் சுவிட்ச் இரண்டும் லைனில் இருக்கட்டும். இன்ஸ்ட் என்பது கிடாருக்கு.

கட்டைவிரல்:
கேபிளை மாற்றிக்கொள்ளட்டும், நான் வேண்டாம் என்றேனா? மாற்றிவிட்டு முழுசாக வைக்கட்டும்.

மெல்லிசை:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறார். ஹெட்ஃபோன் ஜாக்கில் முழுசாக வைத்துத்தான் ஐயா எனக்கு உடைந்தது! உங்கள் கீபோர்டில் இடது, வலது என்று தனி லைன் அவுட் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கட்டைவிரல்:
இருக்கிறது. 15 வருடமாக அதில்தான் பதிகிறேன். அதனால் என்ன? வால்யூம் குமிழ் ஒன்றுதானே.

பக்கவாத்தியம்:
குமிழ் ஒன்றுதான். ஹெட்ஃபோனுக்கு அதற்குப் பிறகும் ஒரு ஆம்ப் இருக்கிறது.

சுருதிப்பெட்டி:
விடுங்கள். லேட்டன்சி திரியிலும் கடைசியில் இதே இடத்தில்தான் வந்து நின்றார்.

மெல்லிசை:
ஒரே கார்டை முழுசில் ஒரு முறை, முக்காலில் ஒரு முறை பதிந்து ஏற்றியிருக்கிறேன். இரண்டின் கெயினும் மாறவில்லை. முதல் அரை விநாடியை மட்டும் கேளுங்கள்.

கட்டைவிரல்:
கேட்டேன். முதல் அரை விநாடி இருக்கட்டும், இரண்டாவது கோப்பின் கடைசி 3 விநாடியை நீங்கள் கேட்டீர்களா? 'ஸ்ஸ்ஸ்'. நான் சொன்னது அப்படியே இருக்கிறது. முழுசாக வையுங்கள்.