ஆர்வோ பேர்ட்: உங்களுக்கு எப்படி அறிமுகமானார்?

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் இசை உங்களுக்கு எங்கே, எப்படிக் கேட்கக் கிடைத்தது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

வேலைக்காக எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. வந்தபோது அவர் பெயர்கூடத் தெரியாது. நான் குடியிருக்கும் வீட்டில் வீட்டுக்காரம்மாவின் பழைய பியானோ ஒன்று உண்டு. சின்ன வயதில் கீபோர்டு கற்றவன் என்று சொன்னதும், இரண்டே பக்கம் உள்ள ஒரு இசைத்தாளை எடுத்து வைத்தார். 1976இல் பேர்ட் எழுதிய 'ஃபூர் அலீனா'.

பார்த்ததும் இவ்வளவுதானா என்று தோன்றியது. தாளக் குறி கிடையாது. தண்டு இல்லாத கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே வெள்ளை வட்டங்கள். முதலில் இரண்டு ஸ்வரம், அடுத்து மூன்று என்று ஒவ்வொன்றாகக் கூடி எட்டு வரை போய், அதேபோலக் குறைகிறது. வலது கை பி மைனர் வரிசையில் நடக்க, இடது கைக்கு அந்தக் கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் தொகுதியின், மூன்று ஸ்வரங்கள் மட்டும்தான். ஒலி அடங்காமல் நிற்க, பெடலை மிதித்தே வைத்திருக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு விரல் சற்று அதிகமாக அழுத்திவிட்டால் அந்தத் தப்பு அறை முழுக்க நின்றுகொண்டிருக்கும்; அடுத்த ஸ்வரத்தில் ஒளித்துவைக்க முடியாது. வேகமான உருப்படிகளைச் சமாளித்தவன் இந்த இரண்டு பக்கத்தை ஒழுங்காக வாசிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு இடத்தில் இடது கை அந்த மூன்று ஸ்வரங்களை விட்டு விலகி சி ஷார்ப்பைத் தொடுகிறது. இசைத்தாளில் அந்த இடத்தில் பேர்ட் ஒரு பூ வரைந்திருக்கிறார். வீட்டுக்காரம்மா அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம்தான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1935இல் பைதே ஊரில் பிறந்து, ரக்வேரேயில் வளர்ந்தவர். வீட்டுப் பியானோவில் நடுப்பகுதிக் கட்டைகள் கெட்டுப்போயிருந்ததால் மேல்கட்டைகளிலும் கீழ்க்கட்டைகளிலும் வாசித்துப் பழகினாராம். வானொலியில் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தார். 1968இல் தாலினில் நீமே யார்வி இசைக்குழுவை நடத்த அரங்கேறிய 'கிரெடோ' என்ற படைப்பில் 'இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன்' என்று லத்தீனில் பாட வைத்தார். சோவியத் ஆட்சி நடந்த நாட்டில் அதற்கு என்ன நடக்குமோ அது நடந்தது. அதன்பிறகு அந்தப் படைப்பை மறுபடி மேடையேற்ற விடவில்லை.

அதன்பின் 1976 வரை, மூன்றாவது சிம்பொனி மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, ஏறக்குறைய மௌனம். பிழைப்புக்குத் திரைப்பட இசை, மற்ற நேரமெல்லாம் பழைய தேவாலயக் கிரிகோரியன் பாடல்களைப் படிப்பதும் நோட்டு நோட்டாக ஒற்றை வரி மெட்டுகள் எழுதுவதும். தெரு கூட்டுகிற ஒருவரிடம், இசையமைப்பவன் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாராம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நேசிக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக பேர்ட்டே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த எட்டு வருடத்தைத் 'தேக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்த வருடமே 'ஃப்ராத்ரெஸ்', 'தபுலா ராசா', 'கான்டுஸ்' மூன்றும் வந்துவிட்டன. தேங்கிப்போனவர் அப்படி எழுத முடியாது.

1980இல் குடும்பத்தோடு வியன்னா, பிறகு பெர்லின், 2010இல் மறுபடி எஸ்தோனியா. தாலினிலிருந்து 35 கிலோமீட்டரில், லவுலஸ்மாவின் பைன் காட்டுக்குள் 2018இல் அவர் பெயரில் ஒரு மையம் திறந்தார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் நாட்குறிப்பு நோட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. நான் போனது பிப்ரவரியில். காட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே இடைஞ்சலாக இருந்தது.

*

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சேர்ந்திசைக் குழுவில் 'தா பாசெம் தோமினே' பாடினோம், நான் ஆல்ட்டோ, அதாவது பெண்குரல்களில் கீழ்க்குரல். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு நடந்து இரண்டு நாளில் பேர்ட் எழுதத் தொடங்கியது அது. எங்கள் நாட்களில் அமைதியைத் தா என்கிற பழைய வேண்டுதல். நீண்ட நீண்ட ஸ்வரங்கள் என்பதால் பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நான் எடுக்கக் கூடாது. ஒத்திகையில் என் பக்கத்து அம்மாவின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தே பாடினேன். ஐந்து நிமிடம்போல ஓடும் பாட்டு முடிந்தபோது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

*

நான் இசை படித்தவன் இல்லை. அப்பா இறந்த வாரத்தில், தூக்கம் வராத ஒரு ராத்திரி, 'கான்டுஸ்' ஹெட்போனில் வந்தது. பெஞ்சமின் பிரிட்டன் இறந்ததற்காக எழுதியது என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும். ஒரே ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வயலின்கள் இறங்கி இறங்கி ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. அவை நின்ற பிறகுதான், மணி அதற்கு முன்பே அடிக்கப்பட்டிருப்பது காதில் விழுகிறது. ரீங்காரம் மட்டும் மிச்சம். அப்பா போன பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் அழுதேன்.

*

தாலின்காரன் மறுபடியும். இரண்டு பேருக்கும் நன்றி, வீட்டுக்காரம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். இன்றைக்குச் சாயங்காலமும் 'அலீனா' வாசித்தேன். பூ வரைந்த இடம் நெருங்கினால், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர் குழாயை மூடிவிடுவார்.