பெர்க்லியா, டேவிஸா, சான் ஹோசேயா? எஃப்-1 மாணவருக்கு எது சரி?

பொருளியல் மாணவன்:
வணக்கம். கலிபோர்னியாவில், முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைத் தரும் ஒரு சமுதாயக் கல்லூரியில், வெளிநாட்டு மாணவருக்கான எஃப்-1 விசாவில் படிக்கிறேன். வரும் இலையுதிர் பருவத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் மாற வேண்டும். மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.6. எனக்கு யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்களில் ஒன்றான பெர்க்லி மீது ஆசை. அப்பாவோ சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகம் போதும் என்கிறார். யூசி டேவிஸில் 'டேக்' எனும் சேர்க்கை உறுதி கேட்கவும் வழி இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆதிரை:
தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். 2025-26இல் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு மாணவரிடம் யூசி வளாகங்கள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதலாக வாங்கின. எஃப்-1இல் எத்தனை ஆண்டு தங்கினாலும் உள்ளூர் மாணவர் கணக்கில் சேர முடியாது. அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகையும் கிடையாது. சான் ஹோசேயில் மொத்தக் கட்டணமே யூசியில் பாதிகூட வராது. பெயருக்காக ஒரு குடும்பம் கடனாளியாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மருதன்:
ஆதிரை அம்மா, செலவை மட்டும் பார்த்தால் எப்படி? படிப்பு முடிந்து, படித்த துறையில் வேலை பார்க்க எஃப்-1 மாணவருக்குத் தரும் 'ஓபிடி' அனுமதியில் இருக்கும்போது வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். உள்ளூர் மாணவர் ஓராண்டு நிதானமாக வேலை தேடுவார். நம் பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை. அந்த நெருக்கடியில் பெர்க்லியின் பெயரும் அங்கே படித்து முன்னேறியவர்களின் அறிமுகமும்தான் கைகொடுக்கும். பெர்க்லி சேர்த்துக்கொள்ளும் மாறுதல் மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் இவரைப் போலச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருபவர்கள்தாம். முயலாமலேயே ஏன் விட வேண்டும்?

ஆதிரை:
வேலைக்கு வளாகத்தின் பெயரைவிடப் பட்டத்தின் துறையைக் காட்டும் குறியீட்டு எண் முக்கியம், ஐயா. பொருளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 45.0601 என்றால் பொதுப் பொருளியல். ஓபிடி 12 மாதத்தோடு முடிந்துவிடும். 45.0603 என்றால் அளவுசார் பொருளியல். அது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளுக்கான 'ஸ்டெம்' பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். இரண்டு ஆண்டு வித்தியாசம்! எச்-1பி எனும் வேலை விசாவுக்கான குலுக்கலில் மறுபடி முயலும் வாய்ப்பே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் இந்தக் குறியீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நெய்தல்:
இருவருமே முதலில் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள். எடுத்த பாடங்கள் எந்த வளாகத்தில் ஏற்கப்படும்? அசிஸ்ட் இணையதளத்தில் உங்கள் கல்லூரியையும் போகவிருக்கும் வளாகத்தையும் துறையையும் தேர்ந்தெடுத்தால், எந்தக் கால்குலஸ், எந்தப் புள்ளியியல் பாடம் ஏற்கப்படும் என்று வரிவரியாகக் காட்டும். மாறுவதற்கு வேண்டிய 60 செமஸ்டர் யூனிட் பாடங்களை முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. துறைக்கு வேண்டிய ஒரு பாடம் விடுபட்டால் சேர்க்கையே கைநழுவலாம். சேர்ந்தாலும் ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேரலாம். வெளிநாட்டு மாணவருக்கு அந்த ஒரு பருவத்தின் விலை பல ஆயிரம் டாலர். நான் தரவரிசையைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

பொருளியல் மாணவன்:
டேவிஸில் டேக் கேட்டுவிட்டால் பெர்க்லிக்கு விண்ணப்பிக்க முடியாதா?

மருதன்:
முடியும், தம்பி. டேக் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அதில் சேரவில்லை. அக்டோபரில் பொது விண்ணப்பம் அனுப்பும்போது டேவிஸோடு பெர்க்லியையும் குறித்துவிடுங்கள். பொது விண்ணப்பம் அனுப்பாவிட்டால் டேக் செல்லாது, கவனம். டேவிஸ் கையில் இருக்கும்போது பெர்க்லியைக் கேட்பதில் என்ன இழப்பு?

ஆதிரை:
இடம் கிடைத்த பிறகுதான் இழப்பு தெரியும். மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 சான்றைப் பல்கலைக்கழகத்திடம் வாங்க முதலாண்டுச் செலவு முழுவதற்கும் வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும். அப்பா அதை வட்டிக்கு வாங்கித்தான் காட்ட முடியும் என்றால், பெர்க்லியே கூப்பிட்டாலும் சான் ஹோசேதான் என்பேன். தம்பி, விண்ணப்பிக்கும் முன்பே அப்பாவிடம் இந்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள்.