நிட்மிலுக் போக ஏப்ரல் லீவா, ஓணம் லீவா?

கொழிஞ்சாம்பாறை:
ஆஸ்திரேலியாவில் காத்ரின் பக்கத்து நிட்மிலுக் தேசியப் பூங்காவுக்கு அம்மா, ரெண்டு பசங்க உட்பட அஞ்சு பேர் போறோம். ஸ்கூல் லீவு ஏப்ரல்-மே, விட்டா ஓணம். கனோ (துடுப்பு போடுற சின்னப் படகு) ஓட்டணும், பாறை ஓவியம் பார்க்கணும். அம்மாவுக்கு முழங்கால் மக்கர். முதலை பயமும் இருக்குங்க.

மீன்கரை:
ஏப்ரல் வேண்டாங்க. அங்கே ஏப்ரல் வரை நீளுற மழைக்காலத்தில் ஆறு பெருகி உப்புநீர் முதலை மேலே ஏறி வந்துடும். தண்ணி வடிஞ்சதும் ராத்திரியில் லைட் அடிச்சுத் தேடி, கூண்டு வெச்சு, இல்லைன்னு உறுதியான பிறகுதான் கனோ விடுவாங்க. அந்தத் தேதி வருஷா வருஷம் மாறும். மே லீவை நம்பி டிக்கெட் போடாதீங்க.

நன்னீர் முதலை எப்பவுமே உண்டு. மூக்கு ஒல்லியா நீண்டிருக்கும், சீண்டலேன்னா ஒதுங்கிப் போயிடும். ஓணம் சமயத்தில் மணல்திட்டில் முட்டை வைக்கும், எச்சரிக்கை போர்டு இருக்கிற கரையில் கனோவை ஏத்தக் கூடாது.

ஓணத்துக்கும் ஒரு குறை: தண்ணி இறங்கியிருக்கும். ஆறு ஓடுற மலையிடுக்கு மொத்தம் 13, நடுநடுவே பாறைக்கட்டு. அங்கெல்லாம் கனோவைத் தூக்கிக் கடக்கணும், தண்ணி குறையக் குறைய தூக்குற தூரம் கூடும். ஒரு கனோவுக்கு ஒரு பெரியவர், ஒரு பையன்னு பிரிச்சா, பாறைக்கட்டில் பெரியவங்க ரெண்டு பேரும் ஒவ்வொன்னா தூக்குங்க. ரப்பர் செருப்பு வழுக்கும், பழைய ஷூ போதும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி.

அம்மாவுக்குப் படகு. ரெண்டு மலையிடுக்கு சுத்த 2 மணி நேரம். முதல் படகில் இறங்கி, மேடுபள்ளமான பாறையில் கொஞ்சம் நடந்து அடுத்த படகு பிடிக்கணும். ஓவியம் அந்த நடையில்தான் இருக்கு, அதனால் ஊன்றுகோல் கொண்டுபோங்க. காலை முதல் படகுதான் நல்லது.

அகளி:
ஓவியத்தைத் தொட விடாதீங்க, கை எண்ணெய் பட்டால் காவி கெடும். இடம் ஜாவோயின்ங்கிற பூர்வகுடி மக்களோடது. 1989ல் உரிமை அவங்க கைக்கு வந்தது; 99 வருஷக் குத்தகைக்கு அரசுக்கு விட்டு, ரெண்டு தரப்பும் சேர்ந்து நடத்துறாங்க. அட்டப்பாடி பழங்குடி நிலத் தகராறு தெரிஞ்சவங்களுக்கு இதன் அருமை புரியும். ரெண்டாம் இடுக்கின் ஆழமான பச்சை மடுவில் போலுங் என்கிற வானவில் பாம்பு குடியிருக்குன்னு நம்பிக்கை. அங்கே அவங்க மீன் பிடிக்கிறதில்லை, குடிக்கத் தண்ணி மொள்ளுறதும் இல்லை. நாமும் தூண்டிலை ஓரம் வெச்சுடலாம்.

கொழிஞ்சாம்பாறை:
ஓணமே ஆகட்டும். டார்வினில் வண்டி எடுத்து ஓட்டலாமா?

வாளையார் ரோடு:
தாராளமா. காத்ரினுக்கு 320 கிமீ சுமார், பூங்கா இன்னும் 30. பொழுது சாயுமுன்னே சேர்ந்துடுங்க. இருட்டினா கங்காருவும் மாடும் குறுக்கே வரும், வாடகை வண்டி இன்ஷூரன்ஸ் பல இடத்தில் ராத்திரி ஓட்டத்துக்குச் செல்லாது. 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோடு ட்ரெயின் (பல டிரெய்லரைக் கோத்து இழுக்கிற லாரி) ஓடுது. வாளையார் செக்போஸ்ட் லாரி வரிசையில் புகுந்து முந்துற பழக்கத்தை ஊரிலேயே விட்டுட்டுப் போங்க. வெளிநாட்டுக்காரங்க பார்க் பாஸ் ஆன்லைனில் வாங்கணும், படகு டிக்கெட் தனி. கறிவேப்பிலை எடுக்காதீங்க, பொடி ஊறுகாய் எல்லாத்தையும் வந்திறங்குற கார்டில் எழுதிக் காட்டிடுங்க.