ஒன்பதாவது பிள்ளைங்களை இங்கிலீஷ்ல வாயத் திறக்க வைக்கிறது எப்படி? கடலூர் பக்கம், அரசுப் பள்ளி

கெடிலக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் பக்கத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில இங்கிலீஷ் பி.டி., அதாவது பட்டதாரி ஆசிரியரா இருக்கேன். இந்த வருஷம் ஒன்பதாவது ரெண்டு செக்‌ஷனும் எனக்குத்தான், ஒவ்வொண்ணுலயும் நாப்பதுக்கு மேல. பிள்ளைங்க கெட்டிக்காரங்க, அதுல சந்தேகமே இல்ல, பாதிப்பேர் வீட்ல மீன் வியாபாரம், லீவு நாள்ல ஓல்டு டவுன் துறைமுகத்துல ஏலம் நடக்குற இடத்துல நின்னு விலை பேசுற பசங்க, நம்மளையே வித்துட்டு வந்துருவாங்க. இங்கிலீஷ் பீரியட்னா மட்டும் வாய்க்குப் பூட்டு. ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட் என்னடான்னா "ஹேவ் ஆர் ஹேஸ் ப்ளஸ் வி த்ரீ"ன்னு கோரஸா வருது. சரி, பக்கத்துல இருக்கறவன சாப்ட்டியான்னு கேளுன்னா "யூ ஈட்டா?"ங்கிறான். எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

கிளாஸ்ல எட்டு பத்து பேர் எழுத்துக்கூட்டவே திணறுறாங்க, அதே பெஞ்சுல மெட்ரிக்ல இருந்து வந்த நாலஞ்சு பேர் போரடிச்சு உக்காந்திருக்காங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல மிச்சப்பேர். ஹெச்எம் சார் சொல்றது ஒண்ணே ஒண்ணு: அடுத்த வருஷம் பத்தாவது, இப்பவே மினிமம் மெட்டீரியல் (பாஸ் பண்றதுக்கு வேண்டியத மட்டும் சுருக்குன நோட்ஸ்) பழக்குங்க, பேசறதுக்கு மார்க் கிடையாது. அவர் சொல்றதும் பொய்யில்ல, பத்தாவதுல 100 மார்க்கும் எழுத்துத் தேர்வுதான். எமிஸ்ல (கல்வித்துறை ஆன்லைன் பதிவு) ஏத்தற வேலை, அட்டெண்டன்ஸ் எல்லாம் போக பீரியட்ல மிஞ்சுற அரைமணி நேரத்துல என்ன செய்யலாம்? கிளாஸ்ல நீங்க செஞ்சு பார்த்தத மட்டும் சொல்லுங்க, ட்ரெயினிங்ல கேட்டது வேணாம், அது நானும் நெறைய கேட்டாச்சு.

பலாப்பழம்:
மேடம் கோவிச்சுக்காதீங்க, பேச வைக்கிறது அப்புறம். நான் பண்ருட்டிப் பக்கம், இதே கதைதான். அந்த எட்டு பத்து பேரை மொதல்ல பாருங்க. அவங்களுக்கு எழுத்தோட பேர் தெரியும், சத்தம் தெரியாது. "சி ஏ டி"ன்னு சரியா சொல்வான், சேர்த்துச் சொல்லுன்னா முழிப்பான், ஏன்னா சி, ஏ, டி மூணையும் சேர்த்தா "சியேட்டி"தான வரணும், அவன் மேல என்ன தப்பு? தமிழ்ல எழுத்த எப்படிச் சொல்றோமோ அப்படியே வாசிச்சா போதும், இங்கிலீஷ்ல 26 எழுத்த வச்சுக்கிட்டு 44 சத்தம்னு சொல்றாங்க, ஒன்பதாவது வரைக்கும் அத யாரும் அவன்கிட்ட சொன்னதே இல்ல. நான் தினமும் பீரியட் ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் போர்டுல நாலே சொல் எழுதுவேன். கிட் (kit), ஹாப் (hop), கேப் (cap), பின் (pin). கடைசியில ஈ எழுத்து சேர்த்தா கைட் (kite), ஹோப் (hope), கேப்பு நீளுது (cape), பைன் (pine). அன்னைக்கு அவ்ளோதான்.  பெரிய பசங்களுக்கு ஏபிசிடி சொல்லித்தரோம்னு வெக்கமா இருக்கும், அதனால ஏபிசிடின்னு சொல்லாதீங்க, "ட்ரிக்கு"ன்னு சொல்லுங்க, எட்டிப் பார்ப்பாங்க.

மினிமம் மெட்டீரியல் விஷயத்துல நான் ஹெச்எம் பக்கம்தான். 35 எடுக்காத பையன் ஐடிஐயில நெறைய ட்ரேடுக்குப் போக முடியாம நிக்கிறான், அப்ப நம்ம பேச்சு பயிற்சி அவனுக்கு எதுக்கு?

பாண்டி வாத்தி:
பலாப்பழம் சார், வாசிப்பு சொன்னது சரி, கடைசியா சொன்னதுல எனக்கு ஒப்பில்ல. நான் புதுச்சேரி அரசுப் பள்ளி. எங்க பக்கம் சிபிஎஸ்இக்கு மாறியாச்சு, அங்க இன்டர்னல்ல பேசறதுக்கும் கேட்டுப் புரிஞ்சுக்கறதுக்கும்னு 5 மார்க் இருக்கு. மார்க் இருந்தா பேசிருவாங்கன்னு நெனைக்காதீங்க, பாடத்த வாசிச்சுக் காட்டுனா போதும்னு அந்த 5 மார்க்க போட்டுட்டுப் போற இடமும் இருக்கு. மார்க்கு இல்ல பிரச்சனை. கிளாஸ்ல இங்கிலீஷ்ல சொல்லியே ஆகணும்ங்கிற மாதிரி ஒரு சங்கதி இல்ல, அதான் பிரச்சனை. "மை ஸ்கூல்" பத்தி பேசுன்னா அவன் எதுக்குப் பேசணும், கேக்கற நீங்களும் அதே ஸ்கூல்லதான இருக்கீங்க.

என்.எஸ். பிரபுன்னு ஒருத்தர், மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல வேலை பார்த்தவர், 1979லேருந்து 1984 வரைக்கும் நம்ம தென்னிந்தியப் பள்ளிக்கூடங்கள்லயே இத செஞ்சு பார்த்தாரு, பெங்களூர் ப்ராஜெக்ட்னு சொல்லுவாங்க. இலக்கணத்த தனியா நடத்தாம மேப்பு, ரயில் டைம்டேபிள் மாதிரி ஒண்ண கொடுத்து மூளைய வேலை வாங்கறது. இங்கிலீஷ் அதுல தானா ஒட்டிக்கிட்டு வரும்ங்கிறது கணக்கு. குரூப் வொர்க்க அவரு பெருசா நம்பல, நாப்பது பேர் இருக்கற கிளாஸுக்கு அது பெரிய நிம்மதி.

நான் செய்யறது இது. போர்டுல ஒரு டைம்டேபிள்: பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மூணு ட்ரெயின், நேரம் நானே போட்டுப்பேன். மொதல்ல கிளாஸ் பூரா கேள்வி கேப்பேன். "விச் ட்ரெயின் ரீச்சஸ் சிதம்பரம் ஃபர்ஸ்ட்?" பதில் "செகண்ட் ட்ரெயின்"னு ரெண்டே சொல் வந்தா போதும், ஃபுல் சென்டன்ஸ்ல சொல்லுன்னு ஒருநாளும் கேக்க மாட்டேன், யாரு ஃபுல் சென்டன்ஸ்ல பேசறாங்க வீட்ல? அப்புறம் கொஞ்சம் முறுக்குவேன்: மாமா பரங்கிப்பேட்டையில இருக்காரு, காலை ட்ரெயின விட்டுட்டாரு, பதினோரு மணிக்கு சிதம்பரத்துல கல்யாணம், என்ன செய்வாரு? கேள்வி பூரா இங்கிலீஷ்லதான். ஒரு பையன் எந்திரிச்சு "சார், மாமா கோ பஸ்"ன்னான். அத நான் திருத்தல, "யெஸ், ஹி கேன் கோ பை பஸ். ஹவ் லாங் வில் இட் டேக்?"னு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தி "ஹி கேன் கோ பை ஷேர் ஆட்டோ"ங்கிறா, எங்கேருந்து புடிச்சா அந்த "கேன் கோ பை"ய?

மஞ்சக்குப்பம் அப்பா:
வாத்தியார் இல்ல நான், அப்பா. எம் பையன் படிச்ச ஒரு இங்கிலீஷ் மீடியத்துல தமிழ் பேசுனா ஃபைன் வச்சாங்க. பையன் இங்கிலீஷ் கத்துக்கல, பேசறதையே நிறுத்திட்டான். டீச்சர் தயவுசெஞ்சு அந்த வழிக்கு மட்டும் போயிராதீங்க.

குறிஞ்சிப்பாடி மிஸ்:
அக்கா, "ஓடி எழுது" செஞ்சு பாருங்க. ஆங்கிலத்துல ரன்னிங் டிக்டேஷன்னு சொல்லுவாங்க. செலவு ரெண்டு ஏ4 பேப்பர்.

அஞ்சு வரியில ஒரு விஷயம் எழுதி வராந்தா செவுத்துல ஒட்டிருவேன். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி, ஒருத்தி ஓடிப்போய் படிச்சு மனசுல வாங்கிக்கிட்டு வந்து சொல்லணும், இன்னொருத்தி எழுதணும். பேப்பர பேர்த்துக்கிட்டு வரக்கூடாது, அங்க நின்னு கத்தவும் கூடாது. பாடப்புத்தக வரி வேணாம், அவங்களுக்குத் தெரிஞ்சது வைங்க. உங்க பிள்ளைங்களுக்குன்னா போட் நாலு மணிக்கு திரும்பி வந்துச்சு, வலையில பாதி நண்டுதான், அம்மா நண்ட தனியா வித்தாங்க, இப்படி.

எங்க கிளாஸ்ல ஒரு ஜோடி நடந்தத பக்கத்துல நின்னு பார்த்தேன். ஓடினவ வந்து "த போட் கம் பேக் அட் ஃபோர்"ங்கிறா. எழுதறவ பேனாவ நிறுத்திட்டு "கம்மா, கேமா?"ங்கிறா. "கம்தாண்டி." "நேத்து நடந்ததுன்னா கேம்தான வரும்?" ஓடினவ முறைச்சுட்டு மறுபடி ஓடுறா, அந்த ஒரே எழுத்த பார்த்துட்டு வர்றதுக்கு. திரும்பி வந்து கேம்னு சொன்னப்ப எழுதுனவ மூஞ்சில வந்த திமிரப் பார்க்கணுமே. சண்டை தமிழ்லதான் நடந்துச்சு, நடக்கட்டும்னு விட்டுட்டேன். பாஸ்ட் டென்ஸ நான் ஒரு பீரியட் பூரா நடத்தியிருந்தாலும் இவ்ளோ அக்கறையா ஒரு எழுத்த யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

வாசிக்கத் திணறுறவங்கள எழுதற ஆளா போடுங்க, மெட்ரிக் பசங்கள ஓட விடுங்க, அடுத்த ரவுண்டுல சின்ன வரியா கொடுத்து மாத்திக்கலாம்.

கெடிலக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மஞ்சக்குப்பம் சார், ஃபைன் எல்லாம் கிடையாது, கவலப்படாதீங்க. பலாப்பழம் சார், அந்த ட்ரிக்கு நாளைக்கே ஆரம்பிச்சுர்றேன். குறிஞ்சிப்பாடி மிஸ், எனக்கு ஒரே பயம் சத்தம்தான். பக்கத்து ரூம்ல பத்தாவதுக்கு ஸ்லிப் டெஸ்ட் நடந்துக்கிட்டே இருக்கும், நாப்பது பேர் வராந்தாவுல ஓடுனா அடுத்த நிமிஷம் ஹெச்எம் வந்து நிப்பாரு. அவர்கிட்ட என்ன சொல்றது? அப்புறம் அத்தனை நோட்டையும் யாரு திருத்தறது?

குறிஞ்சிப்பாடி மிஸ்:
ஓடறதுன்னா ஓடவே வேணாம்க்கா, நடந்து போனாலும் விளையாட்டு விளையாட்டுதான். பேப்பர வெளிய ஒட்டாம ரூமுக்குள்ளயே நாலு மூலையில ஒட்டுங்க, பாதி ஜோடி செய்யட்டும், மிச்சப்பேர் அதே அஞ்சு வரிக்குப் படம் வரையட்டும், அப்புறம் மாத்திக்கலாம். நோட்ட நான் திருத்தறதே இல்ல, முடிஞ்சதும் செவுத்துப் பேப்பர எடுத்து கையில கொடுத்துருவேன், அவங்களே பக்கத்து ஜோடியோடத பார்த்து வட்டம் போட்டுப்பாங்க.

ஹெச்எம்கிட்ட பத்தாவது கொஸ்டின் பேப்பரையே காட்டுங்க. படத்தப் பார்த்து நாலஞ்சு வரி சொந்தமா எழுதற கேள்வி, 5 மார்க்கு. மெமரி போயமுக்கும் அதே 5தான். போயம நம்ம பிள்ளைங்க கமா விடாம எழுதிருவாங்க, படத்துக்குக் கீழ நெறைய பேர் வெறும் கோடு போட்டுட்டு வந்துர்றாங்க. இது அந்த 5 மார்க்குக்கான பயிற்சி சார்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல. எங்க ஹெச்எம் அப்படித்தான் ஒத்துக்கிட்டாரு, ஆனா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்லதான் வச்சுக்கணும்னுட்டாரு.

பலாப்பழம்:
அந்த 5 மார்க் கணக்கு எனக்குத் தோணவே இல்ல. மிஸ், நண்டு வரி மாதிரி இன்னும் நாலஞ்சு இருந்தா இங்க போடுங்க, எங்க பசங்களுக்கு நண்ட எடுத்துட்டு முந்திரிக்கொட்டைன்னு மாத்திக்கிறேன்.