ஏற்றத்தில் டிரெய்லரோடு டர்போ ஹோஸ் கழன்ற அனுபவங்கள்

டென்வர்வாசி:

சென்ற ஆகஸ்டில் நடந்தது. கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி, ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு முந்தைய அந்த நீண்ட ஏற்றத்தை டீசல் வண்டியில் ஏறிய எவருக்கும் இடத்தை விளக்க வேண்டியதில்லை. சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்ட, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ திணறிக்கொண்டிருந்தது. பின்னால் 7,000 பவுண்டு டிரெய்லர், பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 27 பிஎஸ்ஐ, வேகம் 45 மைல். அப்போது பானட்டுக்குள் பட்டாசு வெடித்ததைப் போல ஒரு சத்தம் கேட்டது.

டயர் போய்விட்டது என்றார் மனைவி. கண்ணாடியில் பார்த்தேன், டிரெய்லர் நேராகவே வந்துகொண்டிருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் சாலையே தெரியாத அளவுக்குக் கரும்புகை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி 20 மைலுக்கு மேல் நகரவில்லை. மிதிக்கும்போதெல்லாம் பெரிய பலூனிலிருந்து காற்றைத் திறந்துவிட்டதைப் போல ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. சுரங்கத்துக்கு முன்னால் லவ்லாண்ட் கணவாய்க்குப் பிரியும் வழியில் ஊர்ந்து இறங்கி, பனிச்சறுக்கு மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் பானட்டைத் திறந்தேன். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயிலிருந்து ரப்பர் ஹோஸ் கழன்று தொங்கியது. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளரவே இல்லை. ஹோஸோடு சேர்ந்து அப்படியே உருவிக்கொண்டு வந்திருந்தது. ஹோஸின் உட்புறம் முழுக்க எண்ணெய்ப் பளபளப்பு.

என்னை உறுத்துவது இதுதான்: ஜூன் மாதம் எஞ்சின் ஆயில் மாற்றியபோது அதே மூட்டில் ஈரமாக எண்ணெய் இருந்தது. துணியால் துடைத்துவிட்டு பானட்டை மூடியவன் நான்தான்.

பாலைவழி:

எனக்குச் சத்தமே கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன். வீடு மாற்றுவதற்காக வாடகை டிரெய்லரில் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஐ-15 வழியாக லாஸ் வேகஸ் போனபோது, பேக்கர் ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் நேர்ந்தது. அந்த ஊரில் 134 அடி உயர வெப்பமானி ஒன்று நிற்கிறது; 1913இல் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டை நினைவூட்ட அந்த உயரத்தில் கட்டியது. நாங்கள் கடந்தபோது அது 113 காட்டியது. எஞ்சின் சூடேறாமலிருக்க ஏசியை நிறுத்தச் சொல்லும் பலகையைப் பார்த்து நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் ஒரு மெல்லிய விசில் காதில் விழுந்தது. அது எத்தனை மைலாக வந்துகொண்டிருந்ததோ தெரியாது. ஒவ்வொரு மைலுக்கும் விசில் தடித்துக்கொண்டே போக, வண்டியின் இழுவை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எஞ்சின் விளக்கு எரிந்தது: பி0299 என்ற பழுதுக்குறி, அதாவது பூஸ்ட் போதவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்து முதலில் காட்டிய பட்டறையில் டர்போவே போய்விட்டது என்று சொல்லி 4,000 டாலருக்கு மதிப்பீடு எழுதித் தந்தார்கள். இரண்டாவது பட்டறைக்காரர் கசிவைக் கண்டுபிடிக்க, டர்போ காற்று போகும் குழாய்க்குள் புகையைச் செலுத்தினார்; இருபது நிமிடத்தில் பிளாஸ்டிக் குழாயின் அடிப்பக்கத்துத் தையலிலிருந்து நூல்போல் புகை எழுந்தது. நகம் நுழையும் அளவு விரிசல், அவ்வளவுதான். முதல் மதிப்பீட்டுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பழைய டீசல்:

எனக்கு இருமுறை கழன்றிருக்கிறது, இரண்டும் குதிரை டிரெய்லரோடு, இரண்டும் மேட்டில். அதைவிட, டென்வர் நண்பர் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. கிளாம்ப் தளரவில்லை என்பதால் அது சரியாக இருந்தது என்று பொருளாகாது. எஞ்சின், ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருக்கிறது. பாரத்தை இழுக்கும்போது ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு அசைகிறது. இன்டர்கூலரோ வண்டியின் முன்புறத்தில் அசையாமல் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அசைவு முழுவதையும் தாங்குவது அந்த ஒரு சாண் ஹோஸ்தான். அதனுள் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) ஆவியோடு வரும் எண்ணெய் படிந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். சாதாரண சிலிக்கான் அந்த எண்ணெயில் நாளடைவில் ஊறி மெத்தென்றாகிவிடும். ஆகவே உள்ளே ஃப்ளூரோசிலிக்கான் பூச்சுள்ள ஹோஸைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது குழாய் வாயையும் ஹோஸின் உட்புறத்தையும் ஆல்கஹாலால் துடைத்து, துணியில் கறை வராத வரை திரும்பத் திரும்பத் துடையுங்கள். சோப்பு நீரோ கிரீஸோ தடவி ஏற்றாதீர்கள். பழைய மெக்கானிக்குகள் ஹேர் ஸ்ப்ரே அடிப்பார்கள். ஈரமாக இருக்கும்போது ஹோஸ் எளிதாக ஏறும், காய்ந்ததும் பசைபோல் பிடித்துக்கொள்ளும். கிளாம்ப் குழாயின் விளிம்புப் புடைப்புக்கு உட்பக்கமாக உட்கார வேண்டும். திருகு வகைக் கிளாம்பைவிட டி-போல்ட் வகை சீராக அழுத்தும். ஆனால் அதையும் ஆத்திரத்தில் இறுக்கினால் ஹோஸை வெட்டிவிடும்.

பாலைவழி நண்பருக்கும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு அலுமினியக் குழாய் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். குழாய் பிளக்காது, சரி; ஆனால் பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுத்த அசைவும் சேர்ந்து ஹோஸின் மேல் விழும். மூட்டுகளைப் புதுப்பிக்காமல் குழாயை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

கழன்ற பிறகு ஓட்டவே கூடாது. காற்றளவுமானி டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்று வழியிலேயே வெளியேறிவிட, அந்த அளவுக்கேற்ப எஞ்சினுக்குள் போகும் டீசல் எரியாமல் கரியாகிறது. டென்வர் நண்பர் பார்த்த கரும்புகை அதுதான். அந்தக் கரி, புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியை அடைக்கும். எதிரழுத்தம் இல்லாத டர்போ அளவுக்கு மீறிச் சுழலும். போதாக்குறைக்கு, வாய் திறந்த குழாய் வழியே ஏர் ஃபில்டரைத் தொடாத தூசி நேராக எஞ்சினுக்குள் போகும்.

படகுக்காரன்:

‘ஓட்டவே கூடாது’ என்று எழுதுவது எளிது ஐயா. புல்ஹெட் சிட்டியிலிருந்து யூனியன் கணவாய்க்கு ஏறும் அரிசோனா 68ஆம் சாலையில், பிற்பகல் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டில், பின்னால் படகும் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளுமாக நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. குடிக்க ஒன்றரை பாட்டில் தண்ணீர். சாலையோரத் தடுப்புக்கும் டிரெய்லர் டயருக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டி முழுவதும் ஆடியது, சின்னவள் ஒவ்வொரு முறையும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஹோஸைத் தொட்டால் கை வெந்துவிடும். ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆக்சிலரேட்டரைப் பட்டும் படாமலும் மிதித்து, 15 மைல் வேகத்தில் மேலே ஏறி, மறுபுறம் கோல்டன் வேலிக்கு இறங்கினேன். டர்போ பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. பிக்கப் எவ்வளவு இழுக்கும் என்று நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் எண்ணுக்கான ஜே2807 விதிமுறையில் இந்த ஏற்றத்துக்கே ஓர் இடம் உண்டு. டேவிஸ் அணை ஏற்றம் என்பார்கள், 11.4 மைல், ஏசி முழுவேகத்தில் ஓட, பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரமுள்ள வண்டி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் நானும் படகை மாட்டினேன். ஆனால் சோதனையில் ஏறுவது புது வண்டி, புது ஹோஸ். என்னுடையதற்கு ஒன்பது வயது. வண்டி வாங்கிய நாள் முதல் டயர், பிரேக், டிரெய்லர் பேரிங் என்று எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இந்த ஹோஸ் மட்டும் எந்தப் பராமரிப்புப் பட்டியலிலும் என் கண்ணில் பட்டதில்லை.

பழைய டீசல்:

பிள்ளைகள் இருந்ததை முதலிலேயே தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் அந்த நிலையில் ஏற்றத்தைத் தொடர்வதைவிட, இடம் பார்த்துத் திருப்பி இறக்கத்தில் வந்திருக்கலாம். இறக்கத்தில் பூஸ்ட் தேவையில்லை.

படகுக்காரன்:

இருபது அடிப் படகோடு, நடுவில் தடுப்புள்ள சாலையில் எங்கே திருப்புவது?

டென்வர்வாசி:

பழைய டீசல் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை மீண்டும் கழற்றிப் பார்த்தேன். பழைய ஹோஸின் மேற்புறத்தில் கிளாம்ப் பதிந்த தடம் தெளிவாக இருக்கிறது. அந்தத் தடம் ஒருபக்கம் புடைப்புக்கு உட்பக்கமாகவும் மறுபக்கம் புடைப்பின் மேலேயும் ஓடுகிறது. அதாவது கிளாம்ப் சாய்வாக உட்கார்ந்திருந்தது. அதை நான் மாட்டவில்லை. எனக்கு முன்பிருந்தவர் மாட்டியதாகத்தான் இருக்க வேண்டும். புதிய ஹோஸ் வந்துவிட்டது, ஆனால் பழையதைவிட விரற்கடை அளவு குட்டையாக இருக்கிறது. இழுத்து மாட்டினால் எட்டுகிறது. இப்படியே விடலாமா, திருப்பி அனுப்ப வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஞாயிறு அதே ஏற்றத்தில் போக வேண்டியிருக்கிறது.

பழைய டீசல்:

திருப்பி அனுப்புங்கள். இழுத்து மாட்டிய ஹோஸுக்கு எஞ்சின் அசையும்போது விட்டுக்கொடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் இல்லாமல் போங்கள்.